கொடுத்தலின் பழைய வடிவம்

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. லத்தீனுக்கும், இத்தாலிய மண்ணில் அதன் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து மறைந்த ஓஸ்கன், உம்பிரியன் முதலிய மொழிகளுக்கும் பொதுவான தாய்மொழி ஒன்று இருந்தது என்று மொழியியலார் கொள்வர். மூல இத்தாலியம் என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். அம்மொழியில் எழுதிய ஒரு வரிகூடக் கிடைத்ததில்லை. மகள் மொழிகளில் எஞ்சிய வடிவங்களை அருகருகே வைத்து, ஒலிகள் மாறிவந்த வழியிலேயே பின்னோக்கி நடந்து, தாய்மொழியில் இச்சொல் இப்படி இருந்திருக்கும் என்று மீட்டெடுப்பார்கள். மீட்டெடுத்த சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இடுவது மரபு. இதை எழுதக் கண்டவர் எவருமில்லை என்பதற்கு அக்குறியே ஒப்புதல். ‘கொடுக்கிறேன்’ என்னும் பொருளில் ‘திதோ’ என்றொரு வினை மூல இத்தாலியத்தில் இருந்தது என்பது அவ்வகை மீட்பு. அதன் முதல் மெய் இரட்டித்து வரும். சமஸ்கிருதத்தின் ‘ததாமி’யும் கிரேக்கத்தின் ‘திதோமி’யும் அதே முறையில் இரட்டிப்பவை. லத்தீன் இறந்தகாலத்தில் அந்த இரட்டிப்பைக் காப்பாற்றி, நிகழ்காலத்தில் உதறிவிட்டு, வெறும் ‘தோ’ என்று நின்றது. ஆகவே நிகழ்காலமும் ஒருகாலத்தில் இரட்டித்தது என்று சொல்பவர் லத்தீனுக்கு வெளியே போய்ச் சான்று கொண்டுவர வேண்டும்.

அடுத்துத் தெரிந்திருக்க வேண்டியது பொது வாய்மொழித் தேர்வின் நடைமுறை. முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட்ட வெளித்தேர்வாளர் பல்கலைக்கழகத்துக்கு நேரில் வருவார். ஆய்வாளர் அவை முன் நின்று பதில் சொல்வார். பெற்றோர் புதுத்துணி உடுத்திப் பின்வரிசையில் இருப்பார்கள். தேர்வாளருக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் இனிப்பு, காரம், காப்பி. காப்பிக்குப் பின் முடிவு வாசிக்கப்படும். முடிவு ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்றிருந்தால் அன்றே பட்டம் உறுதி. ‘திருத்தங்களுடன்’ என்றிருந்தால் ஏடு திரும்பும், மாதங்கள் ஓடும். அன்று அப்படி அவை முன் நின்ற ஆய்வாளர் ஜெசிந்தாவுக்குப் பெங்களூரில் ஒரு கல்லூரியில் வேலை காத்திருந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். இதையும் தேர்வாளருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

தேர்வாளர், பேராசிரியை பூங்கோதை, ஜெசிந்தாவின் நெறியாளர் சங்கரபாண்டியனின் அறையில் தனியே உட்கார்ந்திருந்தாள். மடியில் பொன்னாடை, அதன்மேல் ஆய்வேடு, ஏட்டில் மூன்றாம் இயல். காப்பியில் ஆடை படிந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. அட்டவணை அங்கேதான் இருந்தது. இரண்டாம் அட்டவணை, இடப்பக்கம், கோடு போட்ட கட்டத்துக்குள் ஒழுங்காக. ஓஸ்கனில் ‘கொடுப்பான்’ என்பதற்கு ‘திதெஸ்த்’, வெண்கலத் தகட்டில் உள்ளது. அதே குடும்பத்து வெஸ்தினியனில் ‘கொடுக்கிறான்’ என்பதற்கு ‘திதெத்’, கல்லில் உள்ளது. உம்பிரியன் வடிவம் அதற்குக் கீழே. இவற்றுக்கெல்லாம் நட்சத்திரம் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை, இவை உளியால் வெட்டியவை, கையால் தடவிப் பார்க்கலாம். அடிக்குறிப்பில் இன்னொன்று: லத்தீனே தன்னையறியாமல் பழைய இரட்டிப்பை ஒளித்துவைத்திருக்கிறது, ‘திருப்பித் தருகிறேன்’ என்னும் ‘ரெத்தோ’வுக்குள். சற்றுமுன் அவை நிறைந்திருக்கக் கேட்ட கேள்வி: இரட்டித்த நிகழ்காலத்துக்குச் சான்று எங்கே? கேட்டவள் பூங்கோதை. நின்றிருந்தவள் ஜெசிந்தா. அந்தப் பெண்ணின் விரல் ஏட்டுக்குள் செருகியிருந்த மஞ்சள் துண்டுத்தாளைத் தொட்டது, பக்கம் பாதி திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. “சேர்த்துக்கொள்கிறேன், மேடம்.” அதோடு பூங்கோதை விட்டிருக்கலாம். விடவில்லை. “எதைச் சேர்ப்பாய்? யாரும் கேளாத வினை ஒன்றைத் தலையில் நட்சத்திரம் சூட்டி மூன்று இயலுக்கு ஊர்வலம் விட்டிருக்கிறாய், பல்லக்கைத் தூக்க ஒரு ஆள்கூட இல்லையே.” அவை சிரித்தது. அந்தச் சிரிப்பு இனித்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, நினைத்தபோது காதோரம் சுட்டது. பல்லக்கு என்ற உவமை அந்த நொடியில் தோன்றியதன்று. காலையில் பல் துலக்கும்போதே தோன்றியது, எங்கே செருகலாம் என்று வைத்திருந்தது. ஏட்டைப் படிக்காதவளுக்கு உவமைக்கு நேரம் இருந்திருக்கிறது.

படிக்காதவள். அந்தச் சொல்லை ஒருமுறை மனத்துக்குள் முழுதாகச் சொல்லிப் பார்த்தாள்; வேறொருத்தியைச் சுட்டுவதுபோல் இருந்தது. பூங்கோதை அடிக்கோலை வரிக்கடியில் வைத்து, பென்சிலால் ஓரம் குறித்து, ஒரு காற்புள்ளியையும் தப்பவிடாமல் படிப்பவள் என்பது ஊரறிந்தது. முதல் இயலில் பென்சில் குறிகள் இருக்கின்றன. இரண்டாம் இயலில் இருக்கின்றன. மூன்றாம் இயலின் தொடக்கப் பக்கத்தில் ஒரே ஒரு சாய்கோடு, அதற்குப்பின் வெண்மை. அந்தச் சாய்கோட்டோடு பென்சில் நின்ற மாலையை அவள் மறக்கவில்லை. எதை எதையோ மறக்கிறவள் அதை மட்டும் மறக்கவில்லை. முதல் அட்டவணையில் கண் ஓடியது, வடிவங்கள் தெரிந்தன, எழுத்துகள் தெரிந்தன, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் படி தெரியவில்லை. தன் வீட்டு மாடிப்படியில் இருட்டில் கால் துழாவுவதுபோல் நின்றாள். இவற்றை அவளே கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவள். சாக்கட்டித் தூள் படிந்த விரலோடு, குறிப்பைப் பாராமல், மூன்று இடங்களையும் இரண்டு எண்களையும் மூன்று காலங்களையும் எழுதி முடித்துத் திரும்பி நின்றவள். பென்சிலைக் கீழே வைத்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். நாளை வந்தது, வேறு வேலையும் வந்தது, வராவிட்டாலும் வரவழைத்திருப்பாள். அறிக்கையில் எழுதினாள்: மூன்றாம் இயல் செறிவாக அமைந்துள்ளது. எந்த ஏட்டின் எந்த இயலுக்கும் பொருந்தும் வரி. அதற்கு முன் அப்படி ஒரு வரியை எழுதியதில்லை. எழுதும்போது கை கூசவில்லை என்பதுதான் இப்போது கூசியது. சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு படர்க்கை வடிவம் நாவுக்கு வராமல் நின்றது. மாணவர்கள் காத்திருந்தார்கள். சட்டென்று ஒருவனைப் பார்த்து, நீ சொல், என்றாள், அவன் சொன்னான், சரி, உட்கார், என்றாள். வகுப்பு அதைத் தேர்வு என்று எண்ணியது. தெரியாததைக் கேள்வியாக மாற்றிவிடும் வித்தை அன்று கைவந்தது, பிறகு கையோடு தங்கிவிட்டது. சான்று எங்கே என்ற இன்றைய கேள்வியும் அந்த வித்தைதான். உண்மையாகவே தெரியவில்லை. உண்மையாகவே நினைவில்லை. அறிய விரும்பியவள் ஒருத்தி அறியாமையை மறைக்கக் கேட்டாள், அது அதட்டலாக வெளிவந்தது. இன்னும் எவை போயின? போனவற்றுக்குக் கணக்கு வைப்பது எப்படி, போனது இன்னதென்று தெரிந்தால் அது போகவில்லையே.

சங்கரபாண்டியன் கதவை விரலால் தட்டிவிட்டு உள்ளே வந்தார். “மேடம், காப்பி ஆறிடுச்சே, வேற சொல்லட்டுமா? நீங்க வர்றீங்கன்னதும் துறையில பாதிப் பேருக்கு வயித்தக் கலக்கிடுச்சு. எங்க அட்டெண்டர்கூட சட்டைப் பட்டன் எல்லாத்தையும் போட்டுக்கிட்டு வந்திருக்காரு.” தானே சிரித்துக்கொண்டார். “ரிப்போர்ட்டுல ‘சிறு திருத்தங்களுடன்’னு போட்டுடலாமா? ‘சிறு’ன்னு ஒரு வார்த்தை இருந்தா நான் எப்படியாவது ஓட்டிப் பாப்பேன். பொண்ணு வேலை விஷயம் உங்களுக்குத் தெரியும்.” மூன்றாம் இயலை மாணவியோடு உட்கார்ந்து பார்த்தவர்தானே இவர், கேள்வி எழுந்தபோது இவரும்தானே முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு மௌனமாக இருந்தார். அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. “டைப் பண்ணச் சொல்லுங்கள், பாண்டியன். பார்க்கிறேன்,” என்றாள். பார்க்கிறேன். ஒரு வினைமுற்றுக்குள் எத்தனை வசதியாக ஒளிந்துகொள்ளலாம். அவர் போனார், கதவு முழுதும் சாத்தவில்லை, அந்த இடைவெளியில் ஒரு தட்டு தெரிந்தது, பிறகு தட்டைப் பிடித்திருந்த கை, பிறகு வெள்ளைச் சட்டையின் கழுத்தில் மடிப்புக் கலையாத கோடு.

“மேடம், நான் மிக்கேல். ஜெசிந்தாவுக்க அப்பா. ஐஸ் பிளான்டுல சூப்பர்வைசர். ஒண்ணுமே சாப்பிடலியே நீங்க.” அல்வாவும் மிக்சரும் நிறைந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. “எனக்கு ஒண்ணும் வெளங்கல மேடம். ஏதோ பழைய காலத்துப் பாஷைங்கா. வேதக்கோயில் சாமியாருட்டப் போயி லத்தீன் படிச்சா, சரி, கன்னியாஸ்திரி ஆவப் போறாளாக்கும்னு இவ அம்மை ஒரே அழுகை. பெறவுதான் இதுக்குன்னு தெரிஞ்சுது.” சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. “வீட்டுல எங்கிட்ட ஒண்ணு கேட்டா மூணு பதில் சொல்லுவா மேடம், வாய அடைக்க முடியாது. இங்க என்னமோ வாயத் தொறக்க மாட்டேங்கா. புள்ள தப்புப் பண்ணிட்டான்னு மட்டும் தெரியுது. நீங்க பெரியவங்க. பாத்து மன்னிச்சு விட்டுருங்க.” அப்போது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகள் தப்புச் செய்யவில்லை, நான்தான், என்று சொல்ல ஒரு மூச்சு போதும். “பார்க்கிறேன், ஐயா,” என்றாள். மறுபடியும் அதே வினை. அவர் கும்பிட்டார். கும்பிட்ட விரல்கள் நுனியில் வெளுத்து, பனிக்கட்டியிலேயே பல ஆண்டு புழங்கியவைபோல் இருந்தன. அந்தக் கும்பிடு அறையை விட்டுப் போகவில்லை, அவர் போன பின்னும் மேசைக்கு எதிரே நின்றது.

பழைய தமிழ் இலக்கணத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பை அதில்தான் தொடங்குவாள். ஒன்றை வேண்டும்போது தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். ஒரே செயல், கேட்பவனின் இடத்தால் மூன்று வினை. வேறெந்த மொழியில் இந்த நுட்பம் இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இல்லை என்பாள். வாழ்நாள் முழுதும் அவள் கேட்டதெல்லாம் ‘கொடு’தான். விளக்கம் கொடு. மேற்கோள் கொடு. சான்று கொடு. ‘தா’ என்று கேட்கும் இடத்தில்கூட யாரையும் வைத்துக்கொண்டதில்லை. ஒத்தவர் என்று எவரும் இருந்ததாக நினைவில்லை. இன்று அந்தப் பெண் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அவை முன் ஒரு முதியவளின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். பெற்றோர் பார்த்திருக்கத் தன் தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய மனம், இந்த வயதில், என்று எண்ணியபோது உள்ளே ஏதோ இளகியது, இளகியது இதமாகவும் இருந்தது. தனக்காக ஒருத்தி விட்டுக்கொடுத்தாள் என்பதில் வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததை அவள் கண்டுகொண்டாள். மரியாதை இன்னும் இருக்கிறது என்ற பெருமை. அந்தப் பெருமையோடுதான், ஆய்வாளரைக் கூப்பிடுங்கள் என்று வெளியே சொல்லியனுப்பினாள்.

ஜெசிந்தா கதவருகிலேயே நின்றாள். பட்டுப்புடவை அவளுக்குப் பழக்கமில்லை என்பது மடிப்பைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. “இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது,” என்றாள் பூங்கோதை. “ஆமா மேடம்.” “பக்கத்தைத் திறந்தாய். ஏன் சொல்லவில்லை?” ஜெசிந்தா நடைவழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “சார் சொல்லியிருக்காங்க மேடம். வெளித்தேர்வாளர் எது கேட்டாலும் ‘சேர்த்துக்கொள்கிறேன்’னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடணும்னு. நேத்து ஒத்திகையே பாத்தோம். சார்தான் நீங்களா இருந்தாங்க.” “நானாகவா?” “கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சுக்கிட்டு.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். பூங்கோதையின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. “எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்களா?” பூங்கோதையின் செந்தமிழ் கலைந்து பேச்சுத்தமிழ் வந்திருந்ததை இருவருமே கவனித்தார்கள். “எல்லாருக்குந்தான் மேடம். சீனியர்ஸ் எல்லாரும் சொல்லுவாங்க. உங்ககிட்ட பதில் சொன்னா கேள்வி கூடும், சேர்த்துக்கறேன்னா நின்னுடும்னு.” “உனக்குக் கோபம் வரவில்லையா?” “அப்ப வரல. எல்லாரும் சிரிச்சாங்கள்ல, அப்பா சுத்திமுத்தும் பாத்துட்டு, தானும் சேந்து சிரிச்சாங்க. எதுக்குன்னு தெரியாம. அப்ப வந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னாள். அவள் கண்ணில் நீரில்லை, குரலில் குற்றச்சாட்டும் இல்லை. அட்டவணையைப் போலவே கட்டங்களுக்குள் நின்றது பேச்சு. “போ அம்மா,” என்றாள் பூங்கோதை.

ஆக, அது விட்டுக்கொடுத்தல் இல்லை. மரியாதையும் இல்லை. ஒரு பயிற்சி. நாயைக் கண்டால் ஓடாதே, அசையாமல் நில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதுபோல் ஒன்று. சேர்த்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லை அவள் எத்தனை அரங்குகளில் கேட்டிருக்கிறாள். மதுரையில் ஒருவன், கட்டைக்குரல், வியர்த்த கழுத்துப்பட்டை. கோவையில் கருவுற்றிருந்த ஒரு பெண், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பெயரெச்சத்தைப் பற்றி நெடுநேரம் விடாமல் கேட்டபின் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்ட ஒருவன். ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள், அவள் ஒவ்வொரு முறையும் வென்று மீண்டாள். என் கேள்விக்கு மறுத்துப் பதில் சொன்ன ஆய்வாளர் இதுவரை ஒருவர்கூட இல்லை என்று ஒரு விழா மேடையில் சொல்லியிருக்கிறாள், கைதட்டினார்கள், அந்தக் கைதட்டலில் முன்னாள் ஆய்வாளர்களும் இருந்தார்கள், அவர்கள் எதற்குத் தட்டினார்கள்? அப்போதெல்லாம் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, படித்துவிட்டுத்தான் கேட்டாள், அவை சரியான கேள்விகள். சரியான கேள்விகள்தாமா? யாரும் பதில் சொல்லாதபோது அதை எதை வைத்துச் சரிபார்ப்பது. இத்தனை ஆண்டுகளாக ஒரு பக்கம் மட்டுமே சான்றுள்ள ஓர் உரையாடலிலிருந்து தன்னை மீட்டுருவாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், நட்சத்திரக் குறி இடாமல். அப்பாவும் சிரித்தார் என்றாளே. பின்வரிசை அவள் கண்ணுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டாள். உவமை எப்படி விழுந்தது என்று முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது, எளிதாகவும் இருந்தது. பாண்டியனைக் கூப்பிட்டு, யோசித்துப் பார்த்தேன், திருத்தம் வேண்டாம், அப்படியே பரிந்துரைத்துவிடலாம் என்று சொன்னால் போதும். பெண்ணுக்கு வேலை கிடைக்கும். அதுதானே வேண்டியது, அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்? மேடத்துக்குப் பெரிய மனசு என்பார் பாண்டியன். மிக்கேல் மறுபடியும் கும்பிடுவார். அந்த இரண்டாம் கும்பிடு கண்முன் வந்தபோது அல்வாத் தட்டைத் தள்ளிவைத்தாள். அது திருடிய பொருளைத் தானமாக வழங்கிப் பெயர் வாங்குவது. ஆனால் அவையில் சொன்னால்? சொன்னால் அது பரவும், மாலைக்குள் எல்லாத் துறைக்கும் தெரியும், தெரிந்தால் படிக்காதது மட்டுமா தெரியும், மறந்ததும் தெரியும், அதற்குப் பிறகு அவளை யார் அழைப்பார்கள், அழைக்காத வீட்டில் காலையில் எழுந்து எதற்காகத் தலைவாருவது. கணவர் போனபின் இந்தப் பயணங்களே நாட்களைக் கட்டி நிறுத்தின. உடம்பு சரியில்லை, கண்ணில் புரை, அச்சு மங்கல் என்று ஏதாவது சேர்த்துச் சொல்லலாம். காரணம் சேர்க்கச் சேர்க்கச் செய்தி தேயும். அறிக்கையை டைப் செய்த தாளோடு பாண்டியன் வந்து, எல்லாரும் உக்காந்தாச்சு மேடம், என்றார். ‘சிறு திருத்தங்களுடன்’ என்ற சொற்கள் தடித்த எழுத்தில் இருந்தன. அவள் பேனாவை மூடி திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஒலிவாங்கி வாய்க்கு நேராக இல்லை, சரிசெய்துகொண்டாள். “நான் இந்த ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் படிக்காமல் வந்தேன்,” என்றாள். “நான் கேட்ட சான்று அங்கே இருக்கிறது. ஆய்வாளர் அறிந்திருந்தும் சொல்லவில்லை. பிழை முழுதும் என்னுடையது.” அவை ஒருகணம் திகைத்தது, பிறகு முன்வரிசையில் யாரோ கைதட்டினார், அது பின்னோக்கிப் பரவியது. அவர்கள் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது: அவையடக்கம் என்று கொண்டுவிட்டார்கள். பெரியவர்கள் மேடையேறித் தம்மைத் தாழ்த்திக்கொள்வது வழக்கந்தானே. அதைக் காட்டிலும் அவளை உயர்த்தும் உத்தி வேறொன்று இல்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றாள். பின்வரிசையில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. இம்முறை அதைப் பார்த்தே பேசினாள். “மிக்கேல் ஐயா, உங்களிடம் சொல்கிறேன். இது பணிவுக்காகச் சொல்வதல்ல. நான் சோம்பலால் படிக்காமல் விடவில்லை. படிக்கத் தொடங்கினேன், புரியவில்லை, புரியாததை மறைத்தேன். உங்கள் மகளை எல்லோரும் பார்த்துச் சிரித்தார்களே, அவள் எழுதியது சரி. சிரிக்க வைத்தவள்தான் தவறு.” இப்போது யாரும் தட்டவில்லை. பாண்டியன் தரையைப் பார்த்தார். மிக்கேல் எழுந்து நின்றிருந்தார், ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லைபோல. பக்கத்திலிருந்த மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பின்னர் உறுதியானவை இவை. ‘சிறு திருத்தங்களுடன்’ என்ற சொற்கள் அடிக்கப்பட்டு, அடித்தலின் ஓரத்தில் பூங்கோதை கையெழுத்திட்டாள். ஜெசிந்தா உரிய நாளுக்குள் பெங்களூரில் பணியில் சேர்ந்தாள். துறையின் நிகழ்ச்சி அறிக்கையில், தேர்வாளர் ஆய்வாளரைப் பெரிதும் பாராட்டிப் பேசினார் என்று மட்டும் இருக்கிறது, சங்கரபாண்டியன் எழுதியது. அதன்பின் அத்துறை பூங்கோதையை அழைக்கவில்லை, வேறு இரண்டு பல்கலைக்கழகங்களும் அழைக்கவில்லை. நரம்பியல் மருத்துவரிடம் அவள் காட்டினாள். வயதுக்குரியதைவிடச் சற்று அதிகம் என்றும், ஆண்டுதோறும் வந்து பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். மிக்கேல் தன் ஊரில், மேடம் தங்கமான மனுசி, புள்ளையின் தப்பைப் பெரிதுபண்ணாமல் விட்டுவிட்டார் என்றே சொல்லிவருகிறார். ஜெசிந்தா அவரைத் திருத்தப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். மூன்றாம் இயலைப் பூங்கோதை அடிக்கோலும் பென்சிலும் வைத்து, நாளுக்கு ஒரு பக்கமாகப் படித்து முடித்தாள். இரண்டாம் அட்டவணையில் இரண்டு பிழைகள் இருப்பதாகப் பட்டது. தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். ஜெசிந்தா எதிர்முனையில் பக்கத்தைத் திறக்கும் ஓசை கேட்டது. முதலாவது அச்சுப்பிழைதான், மேடம், என்றாள். இரண்டாவது பிழையில்லை, நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள் என்று சொல்லி, ஏன் என்பதையும் நெடுநேரம் விளக்கினாள். அவள் சொன்னதே சரி.